வேலை போன மாதத்தில் வயிற்றுவலி வந்தால்

2023 தொடக்கத்தில் ஐ.டி. கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆட்களை வெளியேற்றியபோது என் கணவருக்கும் வேலை போயிற்று. டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் இருக்கிறோம். வந்த மெயிலில் கடைசிச் சம்பளத் தேதி இருந்தது, லேப்டாப்பைத் திருப்பி அனுப்பும் விவரம் இருந்தது, மருத்துவ இன்ஷூரன்ஸ் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்று ஒரு வரியும் இருந்தது. கம்பெனி பெயரில் வாங்கும் வேலை விசாவான எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள்தான் கெடு. அதற்குள் வேறு கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். வீட்டில் அந்தப் பேச்சே ஓடிக்கொண்டிருந்த சமயத்தில், இன்ஷூரன்ஸ் முடிந்து இரண்டு வாரம்போல ஆகியிருக்கும், பத்து வயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டான். அப்பெண்டிக்ஸ்.

அந்த இரவையும், அதற்குப் பின் பில்களோடு மல்லுக்கட்டியதையும், எங்கள் தெருவில் இன்னொரு பெண்மணிக்கு நடந்ததையும் எழுதிவைக்கிறேன். நம் ஆட்களுக்குப் பயன்படக்கூடிய விவரங்கள் இதில் நிறைய உண்டு. மருத்துவம் மனிதருக்குள்ள உரிமையா, காசிருப்பவர் வாங்கிக்கொள்ளும் பொருளா என்று இந்த நாட்டில் எண்பது வருடமாக நடக்கும் சண்டையில் நான் உரிமை என்பவர்கள் பக்கம். ஏன் என்பதும் போகப்போகத் தெரியும்.

எமர்ஜென்சியில் பதிவு மேசையில் இருந்தவர் இன்ஷூரன்ஸ் அட்டையை வாங்கிக் கணினியில் பார்த்தார். செல்லாது என்று காட்டியது. ஆனால் அதற்குள்ளேயே பையனை உள்ளே கூட்டிப்போயிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், விடிவதற்குள் ஆபரேஷன். பணம் எப்படிக் கட்டுவீர்கள் என்ற கேள்வி மறுநாள்தான் வந்தது.

அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் அவர்கள் நல்லவர்களாக இருந்ததால் மட்டும் அது நடக்கவில்லை. எம்டாலா என்று ஒரு சட்டம் இருக்கிறது. முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிக்கேரின் பணம் வாங்கும் எந்த மருத்துவமனையும், அதாவது அனேகமாக எல்லா மருத்துவமனையும், எமர்ஜென்சிக்கு வருபவரைப் பரிசோதிக்க வேண்டும், உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான நிலை இருந்தால் அதைச் சீராக்க வேண்டும். காசு இருக்கிறதா, குடியுரிமை இருக்கிறதா என்று கேட்டுத் தாமதிக்கக் கூடாது. இந்தச் சட்டம் வந்ததற்கு எங்கள் ஊருக்கும் ஒரு பங்குண்டு. 1980களின் தொடக்கத்தில் தனியார் மருத்துவமனைகள் இன்ஷூரன்ஸ் இல்லாத நோயாளிகளை, பிரசவ வலியில் இருந்த பெண்களைக்கூட, ஆம்புலன்ஸில் ஏற்றி அரசு மருத்துவமனைகளுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன. சிகாகோவில் குக் கவுன்ட்டி மருத்துவமனை, டாலஸில் பார்க்லண்ட், இரண்டு இடங்களிலும் டாக்டர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். 1986 ஏப்ரலில் அதிபர் ரேகன் கையெழுத்திட்டார்.

அதே கையெழுத்தில் இன்னொன்றும் சட்டமாயிற்று. வேலை போனவர் பழைய கம்பெனியின் இன்ஷூரன்ஸை 18 மாதம் வரை தன் செலவில் தொடரலாம் என்ற ஏற்பாடு, நாம் கோப்ரா என்று சொல்வது. இரண்டும் ஒரே சட்டத்தொகுப்பின் வெவ்வேறு பக்கங்கள். ஒரு பக்கம், சாகக் கிடப்பவரை விலை கேட்காமல் காப்பாற்று என்கிறது. மறுபக்கம், சாகாமல் இருக்க வேண்டுமானால் முழு விலையும் கூடவே நிர்வாகச் செலவு 2 சதவீதமும் கட்டு என்கிறது. ‘உரிமையா, பொருளா’ என்ற கேள்விக்கு இந்த நாடு இரண்டு பதிலையும் ஒரே நாளில் எழுதிக்கொண்டது. எங்கள் பையன் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் படுத்திருந்தான்.

கோப்ரா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலை போன நம் வீடுகளில் பெரும்பாலும் அதன் விலையைப் பார்த்ததும் கடிதத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். விலை மலைக்க வைப்பதுதான். கம்பெனி தரும் குடும்ப இன்ஷூரன்ஸுக்கு 2025இல் சராசரி ஆண்டுப் பிரீமியம் ஏறக்குறைய 27,000 டாலர். வேலையில் இருக்கும்போது அதில் பெரும்பகுதியைக் கம்பெனி கட்டுவதால் நம் கண்ணில் படுவதில்லை. வேலை போன அன்று மொத்தமும் நம் தலையில் விழுகிறது. எங்களுக்கு மாதம் இரண்டாயிரம் டாலருக்கு மேல் கேட்டார்கள், சம்பளம் நின்ற மாதத்தில்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க உங்களுக்குக் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு. இன்ஷூரன்ஸ் முடிந்த தேதி, அறிவிப்பு வந்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். சேர்ந்தால், இன்ஷூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே தொடர்ந்ததாகக் கணக்கு. முதல் தவணையைக் கட்ட, சேர்ந்த தேதியிலிருந்து இன்னும் 45 நாள் இருக்கிறது. அதாவது அந்த இரண்டு மாதத்தில் யாருக்கும் ஒன்றும் வரவில்லையென்றால் சேராமலே விட்டுவிடலாம். ஏதாவது வந்துவிட்டால் அப்போது சேர்ந்து, பின்னோக்கிப் பணம் கட்டலாம். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மருத்துவமனை வராண்டாவில் உட்கார்ந்து என் கணவர் செய்தது அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. நடுவில் உள்ள எல்லா மாதத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், வேண்டிய மாதத்துக்கு மட்டும் என்று கிடையாது. 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கம்பெனிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கம்பெனியே இழுத்து மூடிவிட்டு இன்ஷூரன்ஸ் திட்டமும் போய்விட்டால் கோப்ராவும் இல்லை. இன்னொரு வழி ஒபாமாகேர் மார்க்கெட்பிளேஸ், தனியாட்கள் இன்ஷூரன்ஸ் வாங்கும் அரசுச் சந்தை. இன்ஷூரன்ஸ் இழந்த 60 நாளுக்குள் அங்கே சேரலாம், ஆனால் அது முன்தேதியிட்டு வராது, பெரும்பாலும் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான். கோப்ராவில் சேர்ந்துவிட்டுப் பாதியில் நீங்களாக நிறுத்தினால், வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேரக்கூடிய ஓப்பன் என்ரோல்மென்ட் காலம் வரும் வரை மார்க்கெட்பிளேஸ் கதவு திறக்காமல் போகலாம். வருமானமே நின்றுபோன வீடுகளில் குழந்தைகளுக்கு, ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிக்கெய்டோ குழந்தைகளுக்கென்றே உள்ள சிப்போ கிடைக்க வாய்ப்புண்டு. டெக்சஸிலும் உண்டு. விசா, கிரீன்கார்டு சிக்கல் வருமோ என்ற பயம் இருந்தால் குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள், பயத்திலேயே விட்டுவிடாதீர்கள்.

கோப்ரா ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மருத்துவமனைக்குத் தானாகத் தெரியாது. அவர்கள் கணக்கில் நாங்கள் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள். நாற்பதாயிரம் டாலரைத் தாண்டி ஒரு பில் வந்தது. பில்லிங் ஆபீஸைக் கூப்பிட்டு, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைச் சொல்லி, கிளெய்மை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். பேசிய தேதி, பேசியவர் பெயர், அழைப்பின் குறிப்பு எண், மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கிளெய்ம் இன்ஷூரன்ஸ் வழியாகப் போனதும் அதே ஆபரேஷனின் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. அதில் நாங்கள் கட்டியது டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் தரத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை) கோஇன்ஷூரன்ஸும் (அதன்பின் நம் பங்குச் சதவீதம்) மட்டும்தான். அதே மேஜை, அதே கத்தி, அதே டாக்டர். முதல் பில்லில் இருந்த தொகை யாருக்கான விலை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் மயக்க மருந்து கொடுத்தவரின் கம்பெனியிலிருந்து தனியாக ஒரு பில் வந்தது. அவர் எங்கள் நெட்வொர்க்கில், அதாவது இன்ஷூரன்ஸோடு விலை பேசிவைத்த டாக்டர்கள் பட்டியலில், இல்லையாம், வித்தியாசத்தை நாங்கள் கட்ட வேண்டுமாம். இது இப்போது செல்லாது. 2020 டிசம்பரில் நிறைவேறி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் நோ சர்ப்ரைசஸ் சட்டப்படி, எமர்ஜென்சி சிகிச்சையிலும், நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையில் நமக்குத் தெரியாமல் வந்து சேரும் வெளி டாக்டர்கள் விஷயத்திலும், நெட்வொர்க் கணக்குப்படி நம் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கலாம். சட்டத்தின் பெயரைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பினேன். பில் திரும்பிப் போயிற்று. தரைவழி ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது, அதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு கையை விரித்தது. இரண்டாம் இரவு பையன் மருத்துவமனையில் தங்கியது மருத்துவத் தேவை அல்ல என்று அந்தப் பகுதியை மறுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்காததால் டாக்டர்தான் இருக்கச் சொன்னார். இந்த மாதிரி மறுப்பு வந்தால் அத்தோடு விட்டுவிடுவதுதான் எல்லாருடைய வழக்கமும். கூட்டாட்சி மார்க்கெட்பிளேஸ் திட்டங்களில் 2023இல் நெட்வொர்க்குக்குள் நடந்த சிகிச்சைக்கான கிளெய்ம்களில் சுமார் ஐந்தில் ஒன்று மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டவற்றில் 1 சதவீதத்துக்கும் குறைவானதற்கே அப்பீல் போனார்கள் என்று மருத்துவக் கொள்கையை ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது. அப்பீலுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. மறுப்புக்கான விதியை எழுத்தில் கேளுங்கள். சர்ஜனிடம் ஒரு கடிதமும், நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளும் வாங்கி இணையுங்கள். அதிலும் மறுத்தால் வெளியாள் மறுஆய்வு கேட்கலாம், அதற்கு நான்கு மாதம் இருக்கிறது.

பெரிய கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அட்டையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தாலும், பெரும்பாலும் பணம் போடுவது நீங்கள் வேலை செய்யும் கம்பெனிதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை வேலைதான் பார்க்கிறது. அந்த மாதிரித் திட்டங்கள் 1974ஆம் வருடத்து எரிசா சட்டத்தின் கீழ் வருவதால் மாநில இன்ஷூரன்ஸ் துறையில் புகார் செய்து பலனில்லை, தொழிலாளர் துறையிடம்தான் போக வேண்டும். ஆனால் அதற்கு முன், ஊழியர்களின் இன்ஷூரன்ஸ் விஷயங்களைக் கவனிக்கும் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் குழுவைக் கூப்பிடுங்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் காரியங்கள் உண்டு. வேலையை விட்டு அனுப்பிய அதே கம்பெனியின் பெனிஃபிட்ஸ் குழுவில் ஒரு பெண்மணி எங்களுக்காகப் பேசினார். அப்பீலும் போயிருந்தது. எது வேலை செய்தது என்று தெரியாது, இரண்டாம் இரவுக்கும் பணம் வந்தது.

இந்த அலைச்சலுக்கெல்லாம் வேர் எங்கே என்று தேடிப் படித்தபோது இரண்டாம் உலகப் போரில் போய் நின்றேன். போர்க்காலத்தில் விலைவாசி ஏறாமலிருக்கச் சம்பள உயர்வை அரசு கட்டுப்படுத்தியது. ஆள் கிடைக்காத முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவ இன்ஷூரன்ஸ் தருகிறோம் என்று ஆசை காட்டினார்கள். 1954இல் வரிச்சட்டம் அதற்கு வரிவிலக்கைத் தெளிவாக எழுதிவைத்தது. வேலையும் வைத்தியமும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். யாரும் உட்கார்ந்து யோசித்துப் போட்ட திட்டமில்லை. அதே காலத்தில், 1944 ஜனவரியில், அதிபர் ரூஸ்வெல்ட் தன் உரையில் ‘இரண்டாவது உரிமைப் பட்டியல்’ என்று ஒன்றை முன்வைத்து, போதுமான மருத்துவம் பெறும் உரிமையை அதில் சேர்த்தார். 1945இல் ட்ரூமன் எல்லாருக்கும் தேசிய இன்ஷூரன்ஸ் கேட்டார். டாக்டர்கள் சங்கமான அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை சோஷலிசம் என்று பிரசாரம் செய்து கவிழ்த்தது. 1965இல் ஜான்சன் முதியவர்களுக்கு மெடிக்கேரும் ஏழைகளில் சிலருக்கு மெடிக்கெய்டும் கொண்டுவந்தார். சட்டத்தில் கையெழுத்திட ட்ரூமன் ஊருக்கே போய், முதல் மெடிக்கேர் அட்டையை அவருக்குக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார். பையன் வீட்டுக்கு வந்த அன்று சூப் கொண்டுவந்து கொடுத்தவர். மருத்துவம் உரிமை அல்ல என்று உறுதியாக நம்புபவர். எனக்கும் அவருக்கும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேச்சு நடக்கும். அவர் வாதம் எளிது: “டாக்டர் பத்து வருடம் படித்து உழைக்கிறார். அவர் உழைப்பின்மேல் எனக்கு எப்படி உரிமை வரும்?” செனட்டர் ரேண்ட் பால், அவரும் கண் டாக்டர், 2011இல் செனட் விசாரணை ஒன்றில் இதையே இன்னும் கடுமையாக, மருத்துவ உரிமையை நம்புவது அடிமைத்தனத்தை நம்புவது என்றே சொன்னார்.

இந்த வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை, நிறைய யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இந்த நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே இருந்தது. 1963இல் கிடியன் வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்காக எந்த வக்கீலும் அடிமையாகிவிடவில்லை, அரசு சம்பளம் கொடுக்கிறது. 1976இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கு. டெக்சஸ் சிறையில் வேலை செய்யும்போது முதுகில் அடிபட்ட ஒரு கைதி போட்ட வழக்கு அது. அவர் தோற்றார். ஆனால் கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்ற விதி அதில்தான் பிறந்தது. இந்த நாட்டில் அரசியல் சட்டப்படி வைத்தியம் கேட்கும் உரிமை யாருக்காவது தெளிவாக இருக்கிறதென்றால் அது அரசின் காவலில் இருப்பவர்களுக்குத்தான். வெளியே வேலை செய்து வரி கட்டுபவருக்கு இல்லை. இதைச் சொன்னபோது பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கைதியால் வெளியே போய் டாக்டரைத் தேட முடியாது, அதனால் அது வேறு என்றார். நியாயமான பதில்தான். ஏழைகளுக்கு அரசு இன்ஷூரன்ஸ் கிடைக்கும் பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோக முடியாத ஏழைக்கும் அது பொருந்தும் என்று நான் சொன்னேன்.

மெடிக்கேரில் அவர் இருக்கிறார். அது உரிமைதானே என்றால், “நான் கட்டியிருக்கிறேன்” என்பார். கட்டியிருக்கிறார், உண்மை. நாமும் ஒவ்வொரு சம்பளத்திலும் 1.45 சதவீதம் அதற்குக் கட்டுகிறோம், கம்பெனி அதே அளவு கட்டுகிறது. எல்லாரும் சேர்ந்து கட்டி, வேண்டிய நேரத்தில் யாரும் விலை கேட்காமல் பெறுவது. உரிமை என்று நான் சொல்வதும் அதைத்தான்.

2008 அக்டோபரில் நாஷ்வில் விவாத மேடையில் டிவி செய்தியாளர் டாம் ப்ரோகா இதே கேள்வியை அதிபர் வேட்பாளர்களான மக்கேனிடமும் ஒபாமாவிடமும் கேட்டார்: மருத்துவம் சலுகையா, உரிமையா, பொறுப்பா? மக்கேன் பொறுப்பு என்றார். ஒபாமா, ஒவ்வொரு அமெரிக்கருக்கும் உரிமையாக இருக்க வேண்டும் என்றார். புற்றுநோயில் இறந்த தன் தாய் கடைசி மாதங்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு வாதாடிக்கொண்டிருந்ததைச் சொன்னார். 2010இல் அவர் கொண்டுவந்த ஒபாமாகேர் சட்டம் பழைய நோயைக் காட்டி இன்ஷூரன்ஸ் மறுப்பதை நிறுத்தியது. நம் சர்க்கரை, பிரஷர் ஆட்கள் எல்லாருக்கும் அது எவ்வளவு பெரிய விஷயம்! 2017இல் அதைக் குலைக்க நடந்த ஓட்டெடுப்பில் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தடுத்தவர்களில், கட்டைவிரலைக் கீழே காட்டிய மக்கேனும் ஒருவர்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. எங்கள் தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணி அந்த ஓட்டையில்தான் விழுந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், இங்கேயே பிறந்தவர், மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். என் பையனையும் சில வருடம் பார்த்துக்கொண்டார். அவருக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் எமர்ஜென்சிக்குப் போவார், ஊசி போட்டு வலியை அடக்கி, சர்ஜனைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார்கள். எம்டாலா அத்தோடு முடிகிறது. ஆபத்தான நிலையைச் சீராக்கினால் போதும், நோயைக் குணப்படுத்த வேண்டியதில்லை. சர்ஜன் ஆபீஸில் இன்ஷூரன்ஸ் எங்கே என்பார்கள். அவருக்கு இல்லை.

ஏன் இல்லை? 2010ஆம் வருடச் சட்டம் ஏழைகள் எல்லாரையும் மெடிக்கெய்டில் சேர்க்கச் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சஸ் ஏற்கவில்லை. இங்கே 65 வயதுக்கு உட்பட்ட பெரியவர்களுக்கு, ஊனமோ கர்ப்பமோ வளர்க்க வேண்டிய பிள்ளையோ இல்லாவிட்டால், எவ்வளவு ஏழையாக இருந்தாலும் மெடிக்கெய்டு கிடையாது. மார்க்கெட்பிளேஸ் மானியமோ வறுமைக்கோட்டு வருமானத்திலிருந்துதான் தொடங்கும். 2023இல் தனி ஆளுக்கு அது 14,580 டாலர். அந்த அம்மாவின் வருமானம் அதற்குக் கீழே. கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் மானியம் கிடைத்திருக்கும், குறைவாகச் சம்பாதித்ததால் ஒன்றுமில்லை. டெக்சஸைச் சுற்றி நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூசியானா என்று நான்கு மாநிலங்கள். நான்கும் அந்தச் சட்டம் சொன்னபடி ஏழைகள் எல்லாருக்கும் மெடிக்கெய்டை விரித்துவிட்டன. ஓக்லஹோமாவில் மக்களே ஓட்டுப் போட்டு விரித்தார்கள். எல்லையில் ஓடும் ரெட் ரிவருக்கு வடக்கே, ஓக்லஹோமாவில் பிறந்திருந்தால் அவருக்கு என்றைக்கோ ஆபரேஷன் ஆகியிருக்கும். இது எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத கோபம்.

அவருக்கு வழி பிறந்தது வேறு இடத்தில். டாலஸ் கவுன்ட்டியில் வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், பள்ளிக்கூடம், நகராட்சியோடு பார்க்லண்ட் மருத்துவமனை என்றும் இருக்கும். 100 டாலர் மதிப்புக்கு 20 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். கவுன்ட்டியில் குடியிருக்கும் ஏழைகளுக்கு அங்கே நிதி உதவித் திட்டம் இருக்கிறது. அடையாள அட்டை, இங்கே குடியிருப்பதற்கு கரன்ட் பில் மாதிரி ஒரு சான்று, வருமானச் சான்று வேண்டும். கையில் கூலி வாங்குபவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்பதால், குழந்தைகளை விட்டிருந்த வீடுகள் எல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவரும் பேத்தியை அங்கேதான் விட்டிருந்தார், அவரும் எழுதினார். வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் ஆபரேஷன் நடந்தது. ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இதே மாதிரி ஹாரிஸ் ஹெல்த் உண்டு. ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் காலின் கவுன்ட்டியில் இப்படி வரி வாங்கி மருத்துவமனை நடத்தும் ஒரு மருத்துவ மாவட்டமே இல்லை. சாலைக்கு இந்தப் பக்கம் குடியிருந்தால் உரிமை, அந்தப் பக்கம் என்றால் இல்லை.

அரசு மருத்துவமனை இல்லாத இடங்களிலும் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. லாபநோக்கமற்றவை என்று வரிவிலக்குப் பெறும் மருத்துவமனைகள் எல்லாம் நிதி உதவிக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டிருக்க வேண்டும், இது சட்டம். முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். அதில் முதல் 120 நாளுக்குள் வழக்கு, சம்பளப் பிடித்தம் என்று இறங்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு உதவி என்பதை மருத்துவமனையே வகுக்கும், சிலர் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் என்பார்கள், சிலர் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் தோழியின் அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தபோது நெஞ்சுவலி. விசிட்டர் இன்ஷூரன்ஸ் பழைய நோய் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது. மருத்துவமனையின் உதவித் திட்டத்தில் உள்ளூர் நிபந்தனை இல்லாததால் பெரும்பகுதி தள்ளுபடியாயிற்று. அப்பா அம்மாவுக்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, நோய்க்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு கட்டிய மலிவுத் திட்டத்தை விட்டு, முழுச் செலவுக்கும் பொறுப்பேற்கும் திட்டமாகப் பாருங்கள். பழைய நோய் திடீரென்று முற்றினால் தருவார்களா என்ற பகுதியை வயது வரம்போடு சேர்த்து வரி விடாமல் படியுங்கள்.

எது வந்தாலும் மருத்துவமனைப் பில்லை கிரெடிட் கார்டில் போடாதீர்கள். போட்ட நிமிடம் அது மருத்துவக் கடன் என்ற தகுதியை இழந்துவிடும், உதவி கேட்பதும் சிரமமாகலாம். வட்டி வேறு. ஐட்டம் வாரியாகப் பில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் அனுப்பும் இஓபி-யோடு, அதாவது அவர்கள் கட்டுவது எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்ற விளக்கத் தாளோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகும் வரை கட்டாதீர்கள்.

மருத்துவத்தைப் பொருளாக நினைப்பவர்கள் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவசரமில்லாத விஷயங்களில் சந்தை வேலை செய்கிறது. எம்ஆர்ஐ எடுக்க நான்கு இடத்தில் ரொக்க விலை கேட்டால் டிடக்டிபிளில் கட்டுவதைவிடக் குறைவாகவே பல சமயம் கிடைக்கும். 2021 முதல் மருத்துவமனைகள் விலைப்பட்டியலை இணையத்தில் போட வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் எது விலை கேட்டு வாங்கக்கூடிய சமயம், எது இல்லை என்பதை நோயாளி தீர்மானிப்பதில்லை, நோய் தீர்மானிக்கிறது. கென்னத் ஆரோ என்ற பொருளியல் அறிஞர் 1963லேயே இதை விளக்கினார்: நோய் எப்போது வரும் என்று தெரியாது, வந்தபின் என்ன வேண்டும் என்பதும் விற்பவருக்குத்தான் தெரியும், அதனால் மற்ற சரக்குகளின் சந்தை விதி இங்கே செல்லாது.

இப்போது நிலைமை இறுகிக்கொண்டிருக்கிறது. கோவிட் காலத்தில் கூட்டிய மார்க்கெட்பிளேஸ் மானியத்தை நீட்டிப்பதா என்ற சண்டையில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் கூட்டாட்சி அரசே முடங்கிக் கிடந்தது. மானியம் அந்த வருடக் கடைசியோடு முடிந்துபோனது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, மெடிக்கெய்டை விரித்த மாநிலங்களில் அதன் மூலம் சேர்ந்தவர்களில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை, படிப்பு, சமூக சேவை மாதிரி ஏதாவது செய்ததைக் காட்ட வேண்டிவரும். நம் ஆட்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: 2027 முதல் எச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் மானியம் கிடையாது. வேலை போனால் மார்க்கெட்பிளேஸில் வாங்கலாம், ஆனால் முழு விலைக்கு. வேலையில் இருக்கும்போதே இரண்டு மூன்று மாத கோப்ரா தொகையைத் தனியாக எடுத்துவைப்பது நல்லது. மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் எச்எஸ்ஏ கணக்கு இருந்தால் அதிலிருந்தே கோப்ரா பிரீமியம் கட்டலாம்.

ஓட்டுரிமை இல்லாதவர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று என்னிடம் கேட்கிறார்கள். டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை வருடங்களில் ஜனவரியில் கூடும், 140 நாள் நடக்கும். மெடிக்கெய்டை விரிக்கச் சொல்லும் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், பெரும்பாலும் விசாரணைக்குக்கூட எடுக்காமல் சாகடிக்கப்படுகிறது. கமிட்டி விசாரணை நடந்தால் ஆஸ்டினில் யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்து பேசலாம், குடியுரிமை கேட்பதில்லை. அடுத்த கூட்டம் 2027 ஜனவரி. எங்கள் தொகுதி உறுப்பினருக்கு இப்போதே எழுதியிருக்கிறோம். விசாரணைத் தேதி அறிவித்தால் அந்த அம்மா தன் கதையைத் தானே சொல்கிறேன் என்றிருக்கிறார். காரை நான் ஓட்டுகிறேன்.